ரெடிமேடா? அசெம்பிளா?

"பையன் என்ன படிக்கிறாரு மேடம்?"

போன மாதம், பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கேட்டவர் கழுத்தில் ஐடி கார்டும் காதில் ப்ளூடூத்துமாக நின்ற சேல்ஸ்மேன் தம்பி. கேட்கப்பட்டவள் என் தங்கை செல்வி. வயது நாற்பத்து மூன்று. ஆண்டிமடம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"பையன் இல்லீங்க. ஒரே பொண்ணு. திருச்சில ஹாஸ்டல்ல இருக்கா."

"ஓ... பொண்ணுக்கு கேமிங் பிசியா! சூப்பர் மேடம்."

"அவ இதெல்லாம் தொடவே மாட்டா தம்பி. எனக்குத்தான்."

தம்பி என்னைப் பார்த்தார். நான் கீபோர்டு அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்தேன். என்ன செய்ய? அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பு, இதே அதிர்ச்சியில் நானும் இப்படித்தான் முழித்தேன்.

கதை இதுதான். செல்வியின் கணவர் குமார் ஒரு டிரைவர். அரியலூரிலிருந்து சிமென்ட் லோடு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓடியவர். இப்போது சிங்கப்பூரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. அந்த ஒரு நாளில் மனிதர் என்ன செய்கிறார் தெரியுமா? ஒரு லேப்டாப்பில் உட்கார்ந்து லாரி ஓட்டுகிறார்!

சத்தியமாக. லாரி ஓட்டும் கேம். ஸ்டியரிங், கியர், கண்ணாடி, வைப்பர் என்று எல்லாம் அசல் மாதிரியே இருக்குமாம்.

"வாரம் பூரா ஓட்டறது பத்தலையா மாப்ள?" என்று போனில் கேட்டேன்.

"இந்த ஊர்ல ஒரு கோடியிலேர்ந்து இன்னொரு கோடிக்கு ஓட்டுனா ஊரே முடிஞ்சிடுது அண்ணி. கேம்ல மலை இருக்கு, பனி இருக்கு, போயிட்டே இருக்கலாம்" என்றார்.

அந்த கேமை இரண்டு பேர் இரண்டு ஊரில் உட்கார்ந்துகொண்டு சேர்ந்தே ஓட்டலாம். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, காதில் ஹெட்போன், வழியெல்லாம் பேச்சு. செல்விக்கு அதுதான் வேண்டும்.

"அக்கா, டெய்லி போன் பேசறோம். சாப்ட்டியா? சாப்ட்டேன். மழையா? இல்ல. சரி, வெச்சிடவா? அவ்ளோதான். பேச ஒண்ணுமே இல்ல. எதாச்சும் ஒண்ண சேந்து செஞ்சாத்தானே பேச்சு வரும்?"

கிளம்பு, கடைக்குப் போகலாம் என்றேன்.

மறுபடி கடைக்கு வருவோம். சேல்ஸ்மேன் தம்பி ஒரு பெட்டியைக் காட்டினார். அடேயப்பா! சிவப்பு, பச்சை, ஊதா என்று உள்ளே விளக்குகள் ஓடுகின்றன. முன்னால் மூன்று ஃபேன்கள் வண்ண வண்ணமாகச் சுற்றுகின்றன. நான் அங்கேயே விழுந்துவிட்டேன்.

"இதுல கிராபிக்ஸ் கார்டு எதுங்க?" என்றாள் செல்வி.

தம்பியின் சிரிப்பு லேசாகக் குறைந்தது. "அது... இப்ப இல்ல மேடம். வேணும்னா பின்னாடி போட்டுக்கலாம்."

கேமில் ஓடும் படத்தையெல்லாம் நொடிக்கு நொடி வரைந்து தருகிற பாகம்தான் கிராபிக்ஸ் கார்டு என்று அப்புறம் விளக்கினாள். அது இல்லாத கேமிங் கம்ப்யூட்டர், இன்ஜின் இல்லாத லாரி. விளக்கு மட்டும் எரியும்.

"உனக்கு எப்படி இதெல்லாம்..."

"ரெண்டு மாசமா வீடியோவா பாத்துட்டு இருக்கேன்."

ஆக, என் தங்கை ரகசியமாக ஒரு படிப்பே படித்து முடித்திருக்கிறாள். எனக்குத் தெரியாது!

அடுத்த சனிக்கிழமை திருச்சி. இங்கே பெரிய கடை, நிதானமான கடைக்காரர். நேர்மையாகவே பேசினார். அவரிடம் நல்ல ரெடிமேட் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. கிராபிக்ஸ் கார்டு உட்பட எல்லாம் பொருத்தி, சோதித்துப் பார்த்து, வீட்டுக்குக் கொண்டுபோய் பிளக்கில் சொருகினால் போதும் என்கிற நிலையில். அதே தரத்தில் தனித்தனி பாகங்களும் இருந்தன.

"எதுங்க நல்லது?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டும் நல்லதுதாங்க. ரெடிமேட்னா, எது போனாலும் பெட்டியோட தூக்கிட்டு வாங்க, நாங்க பாத்துக்கறோம். பார்ட்ஸா வாங்குனா உங்களுக்குப் புடிச்சதா பாத்துப் போட்டுக்கலாம். நாளைக்கு ஒண்ண மட்டும் மாத்திக்கலாம். ஆனா எந்த பார்ட்டு மக்கர் பண்ணுதுன்னு நீங்கதான் கண்டுபுடிச்சு, அதை மட்டும் கழட்டிக் கொண்டாரணும். ஒவ்வொண்ணுக்கும் தனி வாரண்டி."

எனக்கு அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. ரெடிமேட்! இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு ரெடிமேட்தானே சரி?" என்று கடைக்காரரையே துணைக்கு அழைத்தேன்.

"பயமா இருந்தா ரெடிமேட். ஆசையா இருந்தா அசெம்பிள்" என்றார் அவர். "இல்லன்னா பார்ட்ஸ எடுங்க, இங்கேயே மாட்டித் தந்துடறோம்."

செல்வி கண்ணாடிக்குள் இருந்த மதர்போர்டை, பாகங்கள் எல்லாம் வந்து உட்காரும் அந்தப் பெரிய பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, போர் மோட்டார் நின்னா ஆளத் தேடறேன். டேங்க் ஒழுகினா ஆளத் தேடறேன். ஃபேன் ஓடலேன்னாக்கூட யாருக்காச்சும் போன் பண்ணி, அவங்க எப்ப வருவாங்கன்னு வாசலப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். வூட்டுல இது ஒண்ணையாச்சும் முழுசா நானே தெரிஞ்சு வெச்சிருக்கணும். மாட்டித் தர வேணாங்க. நானே மாட்டிக்கறேன்."

மானிட்டர், கேம் ஓட்ட ஒரு ஸ்டியரிங், பெடல் எல்லாம் சேர்த்து பில் போடச் சொன்னோம்.

பஸ்ஸில் ஜெயங்கொண்டம் வரைக்கும் மடியில் ஒன்று, காலடியில் ஒன்று, சீட்டில் ஒன்று என்று பெட்டிகள். கண்டக்டர் நின்று பார்த்தார்.

"என்னம்மா இதெல்லாம்?"

"கம்ப்யூட்டருங்க."

"இத்தனையா?"

"ஒண்ணுதாங்க. இனிமேத்தான் செய்யணும்."

அவர் வேறு எதுவும் கேட்காமல் முன்பக்கம் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. செல்வி வீட்டில் காலையிலேயே சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக் காலி செய்தோம். குமார் வீடியோ காலில் இருந்தார். போனைத் தண்ணீர் ஜாடி மேல் சாய்த்து வைத்திருந்தோம். செல்வி ஜன்னல் கம்பியை ஒரு தரம் தொட்டுவிட்டு உட்கார்ந்தாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். இல்லையாம்! உடம்பில் தங்கி, பாகங்களைக் கெடுத்துவிடக்கூடிய ஸ்டாட்டிக் கரண்ட் போகவாம்.

முதலில் பிராசசர், கம்ப்யூட்டரின் மூளை. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு சதுரம். அதை அதன் இடத்தில் வைத்து, பக்கத்தில் இருக்கிற கம்பியை அழுத்திப் பூட்ட வேண்டும். செல்வி அழுத்தினாள்.

கரக்...

"ஐயோ, ஒடஞ்சு போச்சு!" என்று நான் கத்த, "என்னாச்சு, என்னாச்சு?" என்று குமார் சிங்கப்பூரிலிருந்து கத்த...

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. அது அப்படித்தான் சத்தம் போடும்" என்றாள் செல்வி.

பிராசசர் மேல் அதைக் குளிர்விக்கும் ஃபேனைப் பூட்டினாள். அப்புறம் ரேம் என்கிற மெமரிப் பட்டை. டக் என்று உட்கார்ந்தது. மதர்போர்டைப் பெட்டிக்குள் இறக்கி ஸ்க்ரூ போட்டாள். பவர் சப்ளையை வைத்து, அதிலிருந்து வந்த கறுப்பு ஒயர்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் சொருகினாள். நான் டார்ச் பிடித்தேன். கடைசியாக கிராபிக்ஸ் கார்டு. செங்கல் மாதிரி கனமாக இருந்தது. மறுபடி ஒரு டக். அடடா, அந்தச் சத்தத்துக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா? எனக்கே கை பரபரத்தது. "ஒரு ஸ்க்ரூ நான் போடட்டுமா?" என்று வெட்கமில்லாமல் கேட்டேன். போட்டேன்!

மானிட்டரை இணைத்து, பட்டனை அழுத்தினாள் செல்வி.

ஃபேன்கள் சுற்றின. விளக்கு எரிந்தது. நாங்கள் மூன்று பேரும் "ஓ!" என்று கத்தினோம்.

திரையில் எதுவும் வரவில்லை.

காத்திருந்தோம். சிக்னல் இல்லை என்று ஒரு வரி வந்தது. திரை கறுத்துவிட்டது. ஆஃப் செய்து ஆன் செய்தோம். மறுபடி அதே கறுப்பு.

எனக்கு அந்த 'கரக்' சத்தம்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. செல்வியின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"விடு செல்வி. கடைக்கே எடுத்துட்டுப் போயி காட்டிக்கலாம். மொதல்லயே ரெடிமேடா வாங்கியிருந்தா..." என்றார் குமார்.

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை... நாமெல்லோரும் ஒரு தரமாவது சொல்லியிருக்கிற வார்த்தைதானே அது?

"வெச்சிடறேன்" என்று செல்வி போனை அணைத்துவிட்டாள்.

நான் சமையலறைக்குப் போய் டீ போட்டேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? டீயோடு வந்து பார்த்தால், செல்வி தரையில் உட்கார்ந்து, பெட்டியின் பின்பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் கணக்கு தப்பாக வந்தால் முதல் வரியிலிருந்து பார்ப்பார்களே, அந்த முறைப்பு.

"ஃபேன் ஓடுது, அப்ப கரண்ட் வருது" என்றாள் தனக்குத்தானே. "படத்த வரையறது கிராபிக்ஸ் கார்டு. அப்ப படம் எங்கேர்ந்து வெளிய வரணும்? அதுலேர்ந்துதானே?"

"ஆமா?" என்றேன், எதுவும் புரியாமல்.

"அப்புறம் நான் ஏன்க்கா மானிட்டர் ஒயர மதர்போர்டுல சொருகி வெச்சிருக்கேன்?"

பின்னால் ஒரே மாதிரி இரண்டு துளைகள். மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே இருந்த ஒயரைப் பிடுங்கி, கீழே கிராபிக்ஸ் கார்டில் சொருகினாள். பட்டனை அழுத்தினாள்.

வந்தது! திரை நிறைய எழுத்து!

நான் டீயைக் கீழே கொட்டிவிட்டேன். செல்வி எழுந்து குதித்தாள். நாற்பத்து மூன்று வயது கணக்கு டீச்சர், சத்தியமாகக் குதித்தாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் பக்கத்து வீட்டம்மா என்னமோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். அவரிடம் என்னவென்று சொல்வது? "ஒயரு மாறியிருந்துச்சுங்க" என்றோம். "இதுக்கா?" என்று அவர் போய்விட்டார்.

குமாருக்கு போன் போட்டதும் அவர் முதலில் சொன்னது, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." செல்வி பதிலுக்கு போனைத் திரும்பக் காட்டினாள். திரை எரிந்துகொண்டிருந்தது. அவர் கைதட்டினார்.

கேமை ஏற்றி முடிக்க அந்த நாளே போய்விட்டது. அடுத்த ஞாயிறு மத்தியானம்தான் முதல் சவாரி. நானும் பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்விட்டேன். பேச்சு எனக்கும் கேட்கட்டும் என்று செல்வி ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டாள்.

ஸ்கூட்டியைத் தாண்டி எதையும் ஓட்டியறியாத செல்வி, கிளம்பின வேகத்தில் ஒரு டோல்கேட்டை இடித்தாள். அடுத்து ஒரு விளக்குக் கம்பம். முன்னால் போன குமாரின் லாரி அவளுக்காக நின்று நின்று போயிற்று.

"பிரேக்க மிதிச்சுட்டே இருக்காத. ஸ்டியரிங்க லேசாப் புடி. ஆங்... அப்படித்தான்!"

வெளியே வெயில் கொளுத்துகிறது. திரையில் பனி பெய்கிறது. பனிமலையிலிருந்து ஒரு பெரிய இறக்கம் வந்தது.

"இங்க கியரக் கொறச்சுக்க செல்வி. மெதுவா. இந்த மாதிரி ஒரு எறக்கத்துலதான்... தொப்பூர் கணவாய்ல... எனக்கு ஒரு தடவ பிரேக் புடிக்காமப் போயிடுச்சு."

"எப்ப?"

"பாப்பா சின்னப் புள்ளயா இருக்கறப்ப. சிமென்ட் லோடு. ஓரத்துல மண்மேடு இருந்துச்சு, அதுல ஏத்தி நிறுத்துனேன். எறங்கி அங்கேயே மண்ணுல உக்காந்துட்டேன்."

செல்வி நடுரோட்டில் லாரியை நிறுத்திவிட்டாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னா மறுநா வண்டிக்கு அனுப்புவியா?"

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். அது எனக்கான பேச்சு இல்லையே. வெகுநேரம் கழித்து வந்து எட்டிப் பார்த்தபோது, இரண்டு லாரிகளும் ஒரு ஏரிக்கரையில் அக்கம்பக்கமாக நின்றிருந்தன. யாரும் ஓட்டவில்லை. பேச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தொப்பூரில் ஆரம்பித்து எங்கெங்கோ போயிருந்தது. நடுவில் செல்வி சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

நிறையப் பேர் என்னிடம் கேட்பீர்கள்: சரி, புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் வாங்குவதா, அசெம்பிள் செய்வதா? திருச்சிக் கடைக்காரர் சொன்னதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே இருப்பதை அறியும் ஆசை இருந்தால், திரை கறுத்துப் போனாலும் உட்கார்ந்து பார்க்கிற பொறுமை இருந்தால், தைரியமாகப் பாகம் பாகமாக வாங்குங்கள். விளையாடினால் போதும் என்றால், பெட்டியாக வாங்குங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை. பெட்டிக்குள் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்!

நானா? ஒரு ஸ்க்ரூ போட்ட அனுபவத்தோடு எனக்கும் ஒன்று ஆர்டர் செய்துவிட்டேன்... ரெடிமேட்தான். மூன்று லாரி போகிற வரிசையில் ஒன்றாவது முழு வாரண்டியோடு போகட்டுமே!