முதலாளியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனி ஆபீசில் ஏழெட்டு வருஷம் வேலை பார்த்தேன். ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கொலு சீசனுக்குப் பொம்மை என்று செய்தோம். என் மேசையில் பில் போட ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் கம்ப்யூட்டர் தெரிந்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தார்கள். முதலாளியின் தங்கை மகன் சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தான். பொங்கல் லீவுக்கு வந்தவன், வேலைகள் எந்த அளவில் இருக்கின்றன என்று காட்டும் ஒரு சாஃப்ட்வேரை என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனான்.

"நம்ம கம்பெனிக்கு ஏத்த மாதிரி மாத்திக்கம்மா" என்றார் முதலாளி.

அது சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்காகச் செய்தது. வேலை வகைகள் என்று மூன்றோ நாலோ இருந்தன. ஒன்றின் பெயர் பக், சாஃப்ட்வேரில் வரும் தப்புக்கு அப்படிப் பெயராம். முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "பூச்சியா? நமக்கு எதுக்கு அது?" அதை எடுத்துவிட்டு வார்ப்பு, காயவைத்தல், பளபளப்புக்குப் பூசும் கிளேஸ், சூளை, பேக்கிங் என்று நிலைகளைப் புதிதாகச் செய்தேன். அதெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஒரு வேலை எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம், யார் நகர்த்தலாம் என்று வழி போடுவதில்தான் மாசக்கணக்கில் மாட்டிக்கொண்டேன்.

கிளேஸ் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்ட அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"பீஸ் உடைஞ்சா எங்கக்கா போவும்?"

"சூளைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"ரெண்டும் சொல்லுங்க."

"முன்னாடின்னா ஊறவச்சித் திரும்ப மண்ணாக்கிடலாம். வெந்துட்டா கொட்டறதுதான்."

அதன்படி வார்ப்புக்குத் திரும்பி வர ஒரு அம்புக்குறியும், கழிவுக்குப் போக ஒன்றும் போட்டேன். அந்தப் படம் எனக்கே பிடித்திருந்தது. முதலாளியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்க இருக்கேன்?" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நிலைக்கு நடுவிலும் முதலாளியின் ஒப்புதல் வந்து உட்கார்ந்தது. ஆட்கள் எடுக்கும் லீவுக்கும் ஒரு வகை செய்யச் சொன்னார். அதற்கும் ஒப்புதல்.

ஆனால் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற ஆள் இல்லை. ஈர மண் அவருக்காகக் காத்திருக்காது. சித்திரை வெயிலில் நேரம் தப்பினால் விரிசல் விட்டுவிடும். அதனால் அக்காவும் மற்றவர்களும் தங்கள் வேலையைச் செய்துகொண்டு போனார்கள். நான் பின்னாலேயே போய் விசாரித்து, திரும்பி வந்து கம்ப்யூட்டரில் நகர்த்தி, முதலாளி ரூமில் போய் நிற்பேன்.

"சார், கிளேஸ் முடிஞ்சிருக்குது. ஓகே குடுங்க."

"பேக்கிங்குக்கு எப்ப போவும்?"

"முந்தாநேத்தே போயிடுச்சு சார்."

"அப்புறம் இன்னாத்துக்கு என்னைக் கேக்குற?"

கடைசியில் சலித்துப்போய்த் தன் பாஸ்வேர்டையே கொடுத்துவிட்டார். "நீயே போட்டுக்க. லீவு மட்டும் என்னைக் கேளு." அதற்கப்புறம் என் பெயரில் உள்ளே போய் ஒப்புதல் கேட்பேன். வெளியே வந்து அவர் பெயரில் உள்ளே போய்க் கொடுப்பேன். நாள் பூராவும் இதுதான். என் வீட்டுக்காரர் திட்டக்குடி பஸ்ஸில் கண்டக்டர். "இன்னைக்கு இன்னா வேல?" என்று கேட்டார். "கேட்டேன், அப்புறம் குடுத்தேன்" என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

இதற்கிடையே முதலாளிக்குப் புதுச்சேரியில் கண் ஆபரேஷன் நடந்தது. அங்கேயே மகள் வீட்டில் தங்கிவிட்டார். அக்காவின் மகளுக்கு அந்த நேரத்தில்தான் நிச்சயம் வைத்திருந்தார்கள், சர்ச்சில். அக்கா லீவு கேட்டதைப் பதிந்து வைத்திருந்தேன். முதலாளிக்குப் போன் போட்டால் மகள்தான் எடுத்தார். "அப்பா தூங்குறாருங்க."

அக்கா வந்து நின்றார். "இன்னா ஆச்சும்மா?"

"முதலாளியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறதுன்னு காட்டுதுக்கா."

"எத்தினி நாளு காட்டும்?"

"தெரியலையே."

"வியாழக்கிழமை நிச்சயம்மா. ஃபாதர்கிட்ட சொல்லியாச்சி." குரலை உயர்த்தவில்லை. விரலில் காய்ந்திருந்த கிளேஸைச் சுரண்டிக்கொண்டே நின்றார்.

முதலாளி பெயரில் உள்ளே போய் லீவு கொடுத்தேன். பயப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. உள்ளே போனது போயாச்சு என்று அதே வியாழக்கிழமை எனக்கும் ஒரு நாள் கொடுத்துக்கொண்டேன். நிச்சயத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். போகவில்லை. மத்தியானம் வரைக்கும் தூங்கினேன்.

முதலாளி கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். யாரோ சொல்லிவிட்டார்கள். கூப்பிட்டார்.

"லீவு யாரு குடுத்தது?"

"சிஸ்டத்துல நீங்கதான் சார் குடுத்திருக்கீங்க."

"நான் கண்ணுல கட்டு போட்டுப் படுத்திருந்தேன்."

"ஆமா சார்."

வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பினால் வீட்டுக்குப் போய் இன்னும் தூங்கலாம் என்றும் தோன்றியது. அவர் திட்டவில்லை. பாஸ்வேர்டை மாற்றுவது எப்படி என்று கேட்டு மாற்றிக்கொண்டார். அதற்கப்புறம் தினமும் என் மேசைக்கு வந்து, கண்ணில் நீர் வடிய, ஒவ்வொன்றாக அவரே ஒப்புதல் கொடுத்தார். ஜாடி, ஃபியூஸ் கட்டை, மறுபடியும் ஜாடி. பத்து நாள் போயிருக்கும். ஒரு நாள் மவுஸைத் தள்ளிவிட்டார்.

"தெனம் இதைத்தான் பண்ணிக்கினு இருந்தியா?"

"ரெண்டு பக்கமும் நான்தான் சார் பண்ணேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒப்புதல் எல்லாத்தையும் எடுத்துடு. லீவுக்கு மட்டும் இருக்கட்டும்."

எடுப்பது சுலபமாக இல்லை. ஒவ்வொரு ஒப்புதலிலும் சில வேலைகள் நின்றுகொண்டிருந்தன. அவற்றை முன்னாலோ பின்னாலோ நகர்த்தாமல் ஒப்புதலை அழிக்க சாஃப்ட்வேர் விடவில்லை. அந்த வாரம் முழுக்க அதற்கே போயிற்று. சூளைப் பக்கம் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கு மட்டும் மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைத்தது.