மலை பதில் சொன்னது என்று நினைத்தோம்

1953-ஆம் வருஷம், பங்குனி மாசம். எங்கள் பக்கம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்திருந்தது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். கீரிப்பாறைக்கு மேலே மலையில் ஒரு பெரிய பாறை உண்டு, அதில் ஏறி நின்றால் நாஞ்சில்நாடு முழுக்கக் கடல் வரைக்கும் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைப் பார்க்கப் போன இடத்தில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். என் பிள்ளைகளிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை.

முதலில் என் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிறந்த வீட்டில் நான் வாய்க்கால் கரையில் நின்று கூப்பிட்டால் நாலு வயல் தள்ளி உழுகிறவர் திரும்பிப் பார்ப்பார். தொண்டையா அது, தவிலா என்று அப்பா கேலி செய்வார். புகுந்த வீடு அப்படியில்லை. மாமனார் முன்கட்டில் இருந்தால் அடுக்களையில் கரண்டி விழுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது. போன புதிதில் நான் என் நாத்தனாரை வழக்கம்போல் உரக்கக் கூப்பிட்டுவிட்டேன். அத்தை வந்து என் தோளைத் தொட்டு, "மக்கா, இது வீடு, சந்தை இல்ல. பைய பேசணும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு முகத்தையாவது தூக்கி வைத்திருப்பேன். அன்பாகச் சொன்னதால் அதற்கும் வழியில்லை. அன்றிலிருந்து குசுகுசுப்புத்தான். உள்ளுக்குள் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அறுப்பு முடிந்து வைக்கோலையும் படப்பாகக் குவித்தாகிவிட்டது. என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர் அந்த மலையில் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வந்தால் பாறைக்கு ஏற ஏற்பாடு செய்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். மாமனார் எப்படிச் சம்மதித்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நாகர்கோவிலிலிருந்து ஒரு பிளஷர் காரை வாடகைக்குப் பிடித்து, நானும் என் வீட்டுக்காரரும் அவருடைய தங்கைகள் இரண்டு பேருமாகப் புறப்பட்டோம். தூக்குப் பாத்திரத்தில் புளிச்சோறு, டப்பா நிறைய முந்திரிக்கொத்து. எஸ்டேட் ஆபீஸ் வரைக்கும்தான் கார் போகும். சாயங்காலம் வந்தால் போதும் என்று டிரைவரைக் கீரிப்பாறைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார் என் வீட்டுக்காரர்.

துணைக்கு எஸ்டேட் காவல்காரர் ஒருவர் வந்தார். பாறைக்குக் கீழே வந்ததும் அவர் நின்று, "அம்மா, மேல போயி பேசலாம், சிரிக்கலாம். கூவப்பிடாது, கேட்டீங்களா" என்றார். எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இங்கேயும் ஒரு ஆண்பிள்ளை வந்து என் வாயை அடைக்கிறாரே என்றுதான் எனக்குப் பட்டது. சின்ன நாத்தனாரின் காதில், "பாத்தியாட்டி, உங்க அப்பாவுக்கு மலையிலயும் ஆளு இருக்கு" என்றேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்களைப் பாறையில் ஏற்றிவிட்டுக் காவல்காரர் பின்பக்கச் சரிவில் வெகுதூரம் தள்ளியிருந்த ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போனார்.

மேலே போய் நின்று பார்த்தோம். அறுத்த வயல்கள் மஞ்சளும் தவிட்டு நிறமுமாகக் கிடந்தன. நடுநடுவே குளங்கள். சுசீந்திரம் கோபுரம் விரல் நுனி அளவுக்குத் தெரிந்தது. அதற்கும் அப்பால் வெள்ளைக் கோடு போட்டதுபோல் கடல். எங்கள் ஊர்க் குளத்தை என் வீட்டுக்காரர் காட்டினார். அதன் பக்கத்தில் எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன், தெரியவே இல்லை. அவ்வளவு சின்னதாகிவிட்டது அந்த வீடு. எனக்கு ஏனோ சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. சின்னவள் முதலில் மெதுவாகக் கூவிப் பார்த்தாள். எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது. "மயினி, நீங்க கூவுங்க" என்றாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டு, "இங்க யாரு கேக்கப் போறா?" என்றார்.

கூவினேன். அத்தனை மாசமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வரும்படி அடிவயிற்றிலிருந்து நீளமாக, திரும்பத் திரும்பக் கூவினேன். மலை பதில் சொன்னது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கூவலும் கீழே காட்டுக்குள்ளிருந்து வந்தது. "மயினி, உங்களுக்கு ஒரு ஆம்பளை பதில் சொல்லுகான்" என்று பெரியவள் சொன்னாள். அதுவும் எதிரொலிதான், பள்ளத்தில் பட்டுக் குரல் மாறி வருகிறது என்று அவர் விளக்கம் சொன்னார். நாங்களும் நம்பினோம். அது கூவ, நான் கூவ, கொஞ்சம் கொஞ்சமாக அது கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது. அதையும் ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். நடுவில் எஸ்டேட் லாரி ஒன்று வளைந்து வளைந்து கீழே இறங்குவது தெரிந்தது. எவ்வளவு அழகு என்று நாலு பேரும் நின்று பார்த்தோம்.

நான் முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது மூன்று ஆண்கள் பாறைமேல் ஏறி வந்தார்கள். எஸ்டேட் வேலைக்காரர்கள். கால் முழுக்க முள் கிழித்த ரத்தம், ஒருவர் தோளில் கயிறு, ஒருவர் கையில் வெட்டுக்கத்தி. மூச்சு வாங்கிக்கொண்டு மூத்தவர், "யாரு விழுந்தது? எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே குப்புறப் படுத்துப் பாறை விளிம்பில் தலையை நீட்டிப் பள்ளத்தைப் பார்த்தார்.

"யாரும் விழல்லப்பா. பிள்ளைகள் சும்மா வெளையாட்டுக்கு..." என்று என் வீட்டுக்காரர் இழுத்தார்.

மூத்தவர் எழுந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அப்பம் ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லியே?"

"இல்ல."

"நல்லதா போச்சு" என்றார். "வாங்கலே, போவோம்." அவ்வளவுதான். மூன்று பேரும் வந்த வழியே பாய்ந்து இறங்கினார்கள். கடைசியாகப் போன பையனுக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்து, "ஏன்மா கூவுனீங்க?" என்று கேட்டான். வாயில் இருந்ததை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

தண்ணீரோடு வந்த காவல்காரர் சொல்லித்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. மலையில் யாராவது கூவினால் ஆனை அடித்திருக்கிறது, அல்லது ஆள் விழுந்திருக்கிறது என்று அர்த்தமாம். கேட்டவன் பதிலுக்குக் கூவிக்கொண்டே, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். "அந்த மூத்தவன் பெஞ்சாதிக்கு நேத்திலேருந்து வலி, அம்மா. பிள்ளை இறங்கல்ல. மத்தியானம் போற லாரியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்னுதான் தூக்கிட்டு வந்துட்டிருந்தானுவ" என்றார் அவர். நாங்கள் நின்று ரசித்த லாரி அதுதான்.

எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. பாதையில் அவர்களைப் பிடித்தோம். மூங்கில் கம்பில் கம்பளியைத் தூளியாகக் கட்டி அதில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். என்னைவிடச் சின்னவள். உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. அவளுடைய அம்மை கூடவே ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். ஆபீஸுக்கு வந்தால் வேறு வண்டி கிடையாது. எங்கள் காரோ கீரிப்பாறையில். அந்தப் பையன்தான் அதற்கும் ஓடினான். கார் வரும்வரை நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். வலி வரும்போதெல்லாம் என் கையைப் பிடித்து நெரித்தாள். நெரிக்கட்டும், இன்னும் நெரிக்கட்டும் என்றிருந்தது எனக்கு. வெயில் சாய்ந்த பிறகுதான் கார் வந்தது. அவளையும் அம்மையையும் புருஷனையும் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் நாகர்கோவிலுக்குப் போனார். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சிநேகிதர் வீட்டில் காத்திருந்தோம்.

விளக்கு வைத்து வெகு நேரம் கழித்துத்தான் என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். தாய் பிழைத்துவிட்டாள். ஆண்பிள்ளை, உயிரில்லாமல் பிறந்தது. கொண்டுவரும் முன்பே போயிருக்கலாம், எதுவும் திட்டமாகச் சொல்ல முடியாது என்று நர்ஸ் சொன்னாராம். அதை அவர் என்னிடம் பல தடவை சொன்னார். அந்தச் சமாதானம் அவருக்கு ஒட்டியிருக்கலாம், எனக்கு ஒட்டவில்லை. கார் பழுதாகிப் பிந்திவிட்டது என்று வீட்டில் சொன்னார். அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு, அலைச்சல் என்று நினைத்து, சூடாகச் சுக்குக் காப்பி போட்டுத் தந்தார். வாங்கிக் குடிக்கவே கூசியது.

நாலைந்து நாள் கழித்து வடசேரிச் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், அவள் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம்தான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புருஷன் கட்டிலுக்குக் கீழே தரையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரியிடம், "இந்த அம்மா கார்லதான் நான் உசிரோட வந்து சேர்ந்தேன்" என்றாள். நான் கஞ்சித் தூக்கோடு கட்டிலோரம் போய் நின்றேன்.

பிறகு அவளே கேட்டாள். "அம்மா, அன்னைக்குப் பாறையில விழுந்த ஆளு பொழச்சிட்டாரா?"

நான் அவள் புருஷனைப் பார்த்தேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொழச்சாச்சுன்னு இவரு சொன்னாரு. என் மனசு ஆறட்டும்னு சும்மா சொல்லுகாரோன்னு ஒரு எண்ணம். அதான் உங்கள்ட்ட கேக்கேன்" என்றாள். "இவங்க மூணு பேரும் என்னை விட்டுட்டுப் போக மாட்டேன்னுதாம்மா சொன்னாங்க. நான்தான் போகச் சொன்னேன். எனக்கு வலி பொறவும் இருக்கும், அங்க ஒரு உசிரு தொங்கிட்டுக் கெடக்குமேன்னு சொன்னேன். என் பிள்ளை போயிட்டு. அந்த ஆளாவது இருக்காருல்லா?"

மன்னிப்புக் கேட்க வந்தவள் நான். வாயைத் திறந்தேன். "இருக்காரு" என்றேன்.

"நல்லா இருக்கட்டும்" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கொண்டுபோயிருந்த பூண்டுக் கஞ்சியை வாங்கிக் குடித்தாள்.

புறப்படும்போது அவள் புருஷன் வாசல்வரை கூட வந்தார். நான் என்னவோ சொல்ல ஆரம்பித்து அழுதுவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்கம்மா. அது ஒண்ணைப் பிடிச்சுட்டுதான் கெடக்கா" என்றார்.

சொல்லவில்லை. அதன்பின் அவர்கள் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன், போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எனக்கு நாலு பிள்ளைகள், பேரன் பேத்திகள், ஒரு குறையும் இல்லை. யாராவது கொடுத்து வைத்தவள் என்று என்னைச் சொன்னால் மட்டும் தலை குனிந்துவிடுகிறது. தன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி, தன்னால் பிழைத்ததாக நம்பிய யாரோ ஒருவரை நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்தினாள். அந்த யாரோ நான்தான், அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டுதான் இத்தனை வருஷமும் நன்றாக இருந்திருக்கிறேன்.