மஞ்சள் மீட்டர் காட்டிய சைபர்

மல்டிமீட்டர் விற்பது லேசான வியாபாரம் என்று நினைப்பவர்கள் அதை விற்றுப் பார்க்காதவர்கள். மிக்ஸி விற்றால் சட்னி சரியாக அரையவில்லை என்று திட்டுவார்கள், அதோடு போயிற்று. மீட்டர் விற்றால், வாங்கிப் போனவர் அது சொல்வதை நம்பிக் கம்பியைத் தொடுவார். தொண்ணூறுகளில் காந்திபுரத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். மருந்துக்கடையில் நின்றவர்களுக்கும், வண்டிக்கு பிரேக் மாட்டிக் கொடுத்தவர்களுக்கும் நான் சொல்லப்போவது நன்றாகவே புரியும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்ததும், ‘சரியாத்தான் கொடுத்தோமா?’ என்று நெஞ்சுக்குள் ஒன்று கேட்குமே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

முதல் வாரம்

டிப்ளமோ முடித்த கையோடு சரவணம்பட்டியிலிருந்து டவுன் பஸ் ஏறி வேலைக்கு வந்தவள் நான். புத்தகத்தில் மீட்டரின் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாள் ஒருவர் வந்து, “ஊட்டுக்கு நல்லதா ஒண்ணு குடுங்க, கரண்ட் எவ்வளவு வருதுன்னு காட்டுங்க” என்றார். முள் வைத்த மீட்டர் ஒன்றை எடுத்து, அதன் இரண்டு ஒயர்களையும் கடைச் சுவரிலிருந்த பிளக் பாயிண்டில் செருகினேன். எதை அளப்பது என்று மாற்றுகிற திருகு, கரண்ட்டில் வைக்கவே கூடாத ஓம்ஸ் அளக்கிற இடத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை. ‘டப்’ என்று ஒரு சத்தம். முள் ஓரத்தில் போய் இடித்து வளைந்துபோனது. வந்தவர் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்து மீட்டரைத் திறந்து, உள்ளே பியூஸே இல்லாததைக் காட்டினார். பியூஸ் இல்லாத மீட்டரை வீட்டுக்கு விற்கக் கூடாது என்று அன்றைக்கே அந்த வகையை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “மொதல்ல திருகு மேல கண்ண வைங்கம்மா, அப்பறமா பிளக்குல கைய வைங்க.”

மூன்று மீட்டர், மூன்று நம்பர்

ரிட்டயர்டான கணக்கு வாத்தியார் ஒருவர் ஒரு நாள் வந்தார். வீட்டில் வோல்டேஜ் ஏறி இறங்கி ஃபிரிட்ஜ் இரண்டு தடவை பழுதாகிவிட்டதாம். மூன்று மீட்டர்களை எடுத்துக் காட்டச் சொன்னார். ஒன்று 226 என்றது, அடுத்தது 221, மூன்றாவது 229. வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். எது சரி என்று கேட்டார். எதைச் சரி என்று சொன்னாலும் மற்ற இரண்டையும் தப்பு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

பாய் மூன்று மீட்டர்களின் ஒயரையும் ஒரே பாயிண்டில் ஒரே நேரத்தில் வைத்தார். இப்போது மூன்றுக்கும் நடுவே மூன்று வோல்ட்தான் வித்தியாசம். முன்பு ஒன்றன்பின் ஒன்றாக வைத்தபோது கரண்ட்டே ஏறி இறங்கியிருக்கிறது. வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை, திருகு தளராமல் நிற்கிறதா, ஒயர் தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள் என்றார் பாய். வாத்தியார் தலையாட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை. போகிறபோது என்னிடம் சொன்னார்: “நாப்பது வருசம் பசங்களுக்கு ஒரே விடைதான்னு சொல்லிக் குடுத்துப்போட்டேனுங்க.”

வெள்ளகோவில் அம்மணி

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், இரண்டு கையிலும் துணிக்கடைப் பைகளோடு ஓர் அம்மா கடைக்குள் வந்தார். பெயர் சாந்தாமணி, ஊர் வெள்ளகோவில். மகளுக்குத் துணி எடுக்க வந்த இடத்தில் எங்கள் கடைப் பலகையைப் பார்த்திருக்கிறார். வீட்டுக் குளியலறை இரும்புக் குழாயைத் தொட்டால் சில நாள் சுர்ரென்று இழுக்கிறதாம். ஒயர்மேன் அவர் கணவரின் தம்பிதான், பொன்னுச்சாமி. மூன்று தடவை டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். சொந்தக்காரர் என்பதால் வேறு ஆளைக் கூப்பிடவும் வழியில்லை.

புதிதாக வந்திருந்த மஞ்சள் நிற டிஜிட்டல் மீட்டரைக் கொடுத்தேன். கடைப் பாயிண்டில் சரியாகத்தான் காட்டியது. ஒயரின் ஒரு முனையை ஈர மண்ணில் அடித்த இரும்புக் கம்பியிலும், மறுமுனையைக் குழாயிலும் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு முன்பும் பின்பும் நன்றாக வேலை செய்கிற பிளக் பாயிண்டில் மீட்டரைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். அதை என்னையே இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தார். வாரண்டி அட்டையில் பெயர் எழுதும்போது சொன்னார்: “ஒயர்மேன் ஒண்ணுமில்லீங்கறாரு, கொழந்தைக கொழாயத் தொட்டா அழுவுதுக. இனி இதைத்தானுங்க கேட்டுப் பாக்கோணும்.”

சைபர்

மூன்றாம் நாள் அதே வகை மஞ்சள் மீட்டர் ஒன்றை வேறொருவர் திருப்பிக் கொண்டுவந்தார். பாயிண்டில் வைத்தேன். சைபர். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது, மீட்டர் கரண்ட் இல்லை என்கிறது. சிவப்பு ஒயரைக் கொஞ்சம் வளைத்ததும் 224 வந்தது. நேராக்கினால் மறுபடி சைபர். பாய் அந்த ஒயரின் கைப்பிடியை அறுத்துப் பார்த்தார். உள்ளே கம்பியை ஈயம் வைத்துப் பற்றவே இல்லை, சும்மா செருகி வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியில் மீதி இருந்ததையெல்லாம் பிரித்தோம். இன்னும் இரண்டு அப்படி.

அந்தப் பெட்டியிலிருந்து விற்றது நான்கு. ஒன்று திரும்பி வந்துவிட்டது. இரண்டு உள்ளூரிலேயே இருந்தன, போன் போட்டதும் சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து மாற்றிக்கொண்டார்கள். நான்காவதற்கு நான் எழுதி வைத்திருந்தது ‘சாந்தாமணி, வெள்ளகோவில், அரிசி மில் பின்புறம்’ என்று மட்டும்தான். போன் நம்பர் இல்லை. கடிதம் போட்டால் போய்ச் சேர இரண்டு நாளாகும். அதற்குள் அந்த வீட்டில் எத்தனை பேர் குளிப்பார்கள் என்று எண்ண ஆரம்பித்தேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. பாய் சொன்னார்: “மீட்டர் கெட்டா வேற மீட்டர் குடுக்கலாம்மா. அது சைபர்னு சொன்னத நம்பிக் கைய வெச்சுட்டாங்கன்னா, நாம என்னத்தக் குடுக்கறது?”

கரூர் பஸ்

மறுநாள் காலை முதல் வேலையாகக் கரூர் பஸ்ஸில் ஏறினேன். கைப்பையில் சோதித்துப் பார்த்த இரண்டு ஜோடி ஒயர்கள். பல்லடம் தாண்டியும் காங்கேயம் தாண்டியும் ஜன்னல் கம்பியை விடவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, “ஏனுங் கண்ணு, ஆசுபத்திரிக்கா?” என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் ஆமாம் என்றேன்.

வெள்ளகோவிலில் மில்லை விசாரித்துப் பின்புறம் போனேன். மூன்றாவது வீட்டு வாசலில் சாந்தாமணியே முறத்தோடு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே நடந்ததைச் சொன்னார். நேற்று பொன்னுச்சாமி முன்னாலேயே குழாயை அளந்திருக்கிறார். சைபர். “பாத்தீங்களா?” என்றாராம் கொழுந்தனார். நான் சொல்லியிருந்தபடி திரும்பப் பிளக் பாயிண்டில் வைத்தபோது அங்கேயும் சைபர். பக்கத்தில் லைட் எரிந்துகொண்டிருந்தது. குளியலறைக் கதவைப் பழைய சேலைத் துணியால் கட்டிவைத்து, எல்லோரையும் கொல்லையில் பிளாஸ்டிக் வாளி வைத்துக் குளிக்கச் சொல்லிவிட்டார். சாந்தாமணி சொன்னது இதுதான்: “எரியற லைட்டையே இல்லீங்குது, அது சொல்ற பேச்ச எப்படிங்க நம்பறது?”

ஆறு மாசமும் மூன்று எழுத்தும்

நல்ல ஒயரை மாட்டி அளந்தோம். பொன்னுச்சாமியும் வந்து கை கட்டி நின்றார். பிளக் பாயிண்டில் 218. குழாயில் சைபர். திரும்பப் பிளக் பாயிண்டில் 218. மீட்டர் பொய் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதி வந்தது, கடைக்குத் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். சாந்தாமணி மட்டும் யோசித்துக்கொண்டே நின்றார். குழந்தைகள் அழுதது எல்லாம் காலையில் குளிக்கும்போதுதான் என்றார். காலையில்தான் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவார்கள். “இருங்க, மோட்டாரப் போட்டுட்டுப் பாக்கலாங்க” என்றார்.

மோட்டார் ஓடியதும் குழாயில் 110 என்று வந்தது. பொன்னுச்சாமி ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு மோட்டார்ப் பக்கம் குனிந்தார். எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. மோட்டாரில் கசிந்த கரண்ட் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் குழாயில் ஏறியிருக்கிறது. மூன்று தடவையும் அவர் வந்தது மோட்டார் ஓடாத மத்தியான நேரத்தில். மோட்டாரை அப்படியே கழற்றி ரிப்பேருக்குக் கட்டினார். தலை நிமிராமலே, “நம்பர்ல சொன்னா நம்பியிருப்பனுங்க நங்கையா” என்றார் அண்ணியிடம். சாந்தாமணி கோபப்படவில்லை. “நான் ஆறு மாசமாச் சொன்னதத்தான் தம்பி, அது மூணு எழுத்துல சொல்லுது.”

அதற்குப் பிறகு

அதற்குப் பிறகு நான் ஒயரை வளைத்து, இழுத்து, முறுக்கிப் பார்க்காமல் ஒரு மீட்டரும் விற்றதில்லை. பில்லில் முழு விலாசம் வேண்டும், பக்கத்து வீட்டில் போன் இருந்தால் அந்த நம்பரும் வேண்டும். புதிதாகக் கல்யாணமான ஒருவர் வீட்டுக்கு மீட்டர் வாங்க வந்தார். செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், ஈரக்கையோடு தொடாதீர்கள், முன்னாலும் பின்னாலும் சோதியுங்கள் என்று அரைமணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மீட்டரை மேஜையிலேயே வைத்தார்: “ஏனுங் அம்மணி, ஊட்டுக்குக் கரண்ட்டே வேண்டாம்னு சொல்லீருவீங்களாட்ட இருக்குதுங்க.”

ஏழு வருஷத்தில் எந்த மீட்டரை நம்பலாம் என்று ஓரளவு தெரிந்துகொண்டேன், அதைக் கட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவது எப்படி என்றுதான் கடைசிவரை தெரியவில்லை.