ஒளி இழைக்காக மழித்த கால்கள்

காலை ஐந்து மணிக்குக் கிள்ளானில் காரைக் கிளப்பினேன். பினாங்கு ஏறக்குறைய முந்நூற்று எண்பது கிலோமீட்டர். மற்றவர்கள் தாப்பாவில் தேநீர், ஈப்போவில் தேநீர் என்று நிறுத்துவார்கள். நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. குடித்தால் நிறுத்த வேண்டிவரும். லாரி ஓட்டிய உடம்பு இது. பத்து மணிக்குப் பினாங்குப் பாலத்தில் ஏழு வெள்ளி சுங்கக் கட்டணம் கட்டிவிட்டேன்.

போன காரியம் என் இடது கால். ஒரு வாரமாகக் கெண்டைச்சதை கனத்தது. மருத்துவமனைக்குப் போகச் சொல்லி வீட்டில் நச்சரிப்பு. அறுபத்திரண்டு வயதுவரை அந்த வாசலை மிதிக்காதவன் நான். மேலும், என் மகள் மாலதி பினாங்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். தலைமுடி போன்ற கண்ணாடி இழையில் ஒளியை விட்டு, உடம்பில் இரத்தம் கட்டியிருப்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கருவி. மகளிடமே கருவி இருக்க, மருத்துவமனை எதற்கு?

ஒளிக்கு மறைப்பு ஆகாது. மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கே இது தெரியும். நேராகச் சூலியா தெருவில் ஒரு முடிதிருத்தகத்தில் போய்க் காலை நீட்டினேன்.

"காலுக்கா சவரம்? என்ன லா அண்ணே, கல்யாணமா?"

"ஆராய்ச்சி."

"ஒரு காலா, ரெண்டா?"

எதையும் அரைகுறையாக விட்டவனல்ல நான். இரண்டுக்கும் எட்டு வெள்ளி.

ஆய்வுக்கூடத்தில் கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினேன். மாலதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ அப்பா! இழை காலுக்குள்ள போகாது. உள்ள ரத்தக்கட்டி இருந்தா, அதுலேர்ந்து துணுக்கு உதிரும். அது இழையில ஒட்டினா ஒளி கூடும். குப்பியில வர்ற ரத்தத்தைத்தான் பார்க்கிறோம். ஆளைச் சோதிக்கிற அளவுக்கு இன்னும் வரல."

சொல்லிக்கொண்டே குனிந்தவளின் சிரிப்பு நின்றது. முடியில்லாத இரண்டு கால்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வலது எப்போதும்போல. இடது வீங்கி, சிவந்து பளபளத்தது.

"நடக்காதீங்க அப்பா. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனா உயிர் தங்காது."

மருத்துவமனைக்கு அவளே காரோட்டினாள். அந்த வாசலை மிதித்தேன் என்று சொல்ல முடியாது. சக்கர நாற்காலியில்தான் போனேன். முழங்காலுக்குப் பின்னால் கட்டி இருப்பது ஸ்கேன் படத்தில் தெரிந்தது. சீன டாக்டர் என் கால்களைத் தடவிப் பார்த்து, யார் மழித்தது, வேலை சுத்தம் என்றார். இரண்டாம் நாள்தான் மாலதி என்னைத் திட்ட ஆரம்பித்தாள். பிழைத்துவிட்டேன் என்று அதில் தெரிந்துகொண்டேன்.

ஊர் திரும்பும் நாளில் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். மருத்துவமனையில் முதல் நாள் எடுத்த இரத்தத்தில் கொஞ்சத்தை, என் சம்மதத்தோடு, இழையில் விட்டார்கள். திரையில் கோடு விறுவிறுவென்று ஏறியது.

"குப்பியில என் பேரைப் பெரிசா எழுதும்மா."

"பேரெல்லாம் எழுதக் கூடாதுப்பா, நம்பர்தான்."

கிள்ளானில் என் பெயர் பதினொரு லாரிகளில் ஓடுகிறது. பினாங்கில் நான் வெறும் நாற்பத்தேழாம் நம்பர். ஆனால், அந்த நாற்பத்தேழு பேரில் திரையில் அந்தக் கோட்டை அத்தனை உயரம் ஏற்றியவன் நான் ஒருவன்தான்.