வாங்கோ என்றால் வாங்கு இல்லை

உதைபந்தாட்டம் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதும் கலியாண வீடுகளில் யாராவது பக்கத்தில் வந்து இருந்து, "அக்கா, நீங்கள் அந்தக் கழகத்தில வேலை செய்தனீங்களாமே, அந்தப் பிரேசில்காரன் எப்பிடி?" என்று தொடங்குவார்கள். எப்படி என்றால் நான் என்னத்தைச் சொல்ல? அவனுடைய களிசான் எப்படி என்று கேட்டால் சொல்லலாம். களிசான் என்றால் காற்சட்டை. எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லுவோம்.

ஜெர்மனியில், வுப்பர்டாலில் இருந்து ரயிலில் கொஞ்ச நேரம் போனால் வருகிற சின்ன நகரம் அது. கழகம் இரண்டாம் பிரிவின் வாலில் தொங்கிக்கொண்டிருந்தது. சனம் இருந்து பார்க்கிற படிகளுக்குக் கீழே ஒரு நீட்டு அறை, அதற்குள் பெரிய சலவை இயந்திரங்கள், அவற்றோடு நான். ஆட்டக்காரரின் உடுப்புகளைத் தோய்த்து, காயவைத்து, இலக்கம் பார்த்து மடித்து அடுக்கவேண்டும். எனக்கு மேலே உடுப்புகளுக்குப் பொறுப்பான ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். எல்லோரும் அவரை "ஷெஃப்" என்று கூப்பிடுவோம். ஜெர்மன்காரர் முதலாளியை அப்படித்தான் சொல்லுவார்கள். சமையலுக்கும் அந்த மனுசனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, முட்டை அவிக்கவும் தெரியாது.

உலகக் கிண்ணம் ஜெர்மனியில் நடந்து முடிந்து, அடுத்து வந்த தை மாதம். வெளியே பனி கொட்டுகிறது. கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பொடியன் வந்து நின்றான். தொப்பி, கையுறை, கழுத்தைச் சுற்றிச் சால்வை, அதற்கு மேலே இரண்டு கண் மட்டும். புதுசாக வந்த முன்வரிசை ஆட்டக்காரன், பிரேசில்காரன், கோல் அடிக்கவென்று வேறொரு கழகத்திடம் ஆனி மாதம்வரை இரவல் வாங்கியிருக்கிறார்கள் என்று ஷெஃப் காலையிலேயே சொல்லியிருந்தார். மனுசரையும் இரவல் வாங்குவார்களா என்று நான் கேட்டிருந்தேன்.

வாசலில் ஒரு ஆள் நின்றால் எனக்கு ஜெர்மன் வராது. வாய் தன்பாட்டில் தமிழில்தான் தொடங்கும். "வாங்கோ, வாங்கோ" என்றேன், சிரித்துக்கொண்டு, கையையும் காட்டி.

பொடியனுடைய முகம் செத்துப்போயிற்று. உடுப்புப் பையை அப்படியே வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

குளிர் பிடிக்கவில்லையாக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாளும் வந்தான், நானும் "வாங்கோ" என்றேன், அவனும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனான். மூன்றாம் முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் கத்தினேன்.

"உவனுக்கு என்ன பெரிய நடப்பு? வா எண்டு மரியாதையாக் கூப்பிட்டால் மூஞ்சையை நீட்டுறான்!"

"பெரிய ஆட்டக்காரர் அப்பிடித்தானப்பா இருப்பினம்" என்றார் இவர், தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"பெரிய ஆட்டக்காரன் எண்டால் ஏன் எங்கட ஊருக்கு வாறான்?"

அந்தக் கிழமை முடிவதற்குள் ஷெஃப் என்னிடம் வந்தார். முகம் சரியில்லை. "நீ அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லுகிறாய்? சலவை அறைக்குப் போகும்போதெல்லாம் நீ அவனைக் கேலி செய்கிறாயாம்" என்றார். பின்னால் பிரேசில்காரன் நின்றான்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "நான் ஒண்டும் சொல்லேல்லை! வாங்கோ எண்டுதான் சொன்னனான்!" என்று தமிழிலேயே சத்தம் போட்டேன்.

"பாங்கு!" என்று பொடியனும் சத்தம் போட்டான். "பாங்கு! பாங்கு!" அவனுடைய விரல் சுவரோரம் கிடந்த மர வாங்கைக் காட்டியது. ஆட்டக்காரர் இருந்து சப்பாத்துக் கழற்றுகிற நீட்டு இருக்கை. மைதானத்திலும் ஆட விடாத ஆட்களை இப்படியொரு வாங்கில்தான் இருத்திவைப்பார்கள்.

நான் வாங்கைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். "ஓம், அது வாங்கு" என்றேன் மெதுவாக. வாங்கைத் தட்டிக் காட்டி, "வாங்கு". பிறகு வாசலுக்குப் போய், வெளியே நின்று, உள்ளே வருகிற மாதிரி நடந்து காட்டி, "வாங்கோ".

அவன் பக்கத்தில் கிடந்த கதிரையைத் தொட்டு, "கதேய்ரா" என்றான்.

"கதிரை!" என்றேன் நான்.

"மேசா."

"மேசை!"

கடவுளே, பிறகு எங்களைப் பிடிக்க ஏலாது. அவன் அடுக்கில் இருந்த, தலை துவட்டுகிற துவாயை இழுத்து "துவாலியா" என்கிறான், நான் "துவாய்" என்கிறேன். அவன் காலைத் தூக்கி "சபாத்து", நான் "சப்பாத்து". இயந்திரத்துக்குள் கையை விட்டு ஈரக் களிசானை எடுத்து அவன் "கல்சாவ்" என்றபோது நான் கூவியே விட்டேன். பந்தைக் காட்டி "போலா" என்றான். எங்கள் ஊரில் பிள்ளைகள் குந்தியிருந்து சுண்டி விளையாடுகிற கண்ணாடிக் குண்டுக்குத்தான் போளை என்று பெயர் என்பதை விரலால் சுண்டிக் காட்டினேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஷெஃப் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "உங்கள் நாடு பிரேசிலுக்குப் பக்கத்திலா?" என்று கேட்டார்.

இவரிடம் போய்ச் சொன்னபோது இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "போர்த்துக்கேயன் எங்களையும் பிடிச்சு வச்சிருந்தவன், அவங்களையும் பிடிச்சு வச்சிருந்தவன். எல்லாம் அவன் விட்டிட்டுப் போன சாமான்" என்றார். அடப்பாவி, அந்த நேரம் என்னென்ன அநியாயமெல்லாம் செய்தானோ, மேசையையும் கதிரையையுமாவது தந்துவிட்டுப் போனானே என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவன் பயிற்சி முடிந்தால் நேரே சலவை அறைக்குத்தான் வருவான். இயந்திரச் சூடு அவனுக்குப் பிடித்தது. ஒருநாள் தன் பழைய சட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். முதலாவது வெளிறிப்போன மஞ்சள், அவனுடைய ஊர்க் கழகம். ஆற்றங்கரை ஊராம். கோல் அடித்த நாளில் சனம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதைக் காட்ட ஒரு துவாய்க் கட்டைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினான். இரண்டாவது நீலம், பெரிய நகரம். வாங்கைக் காட்டினான். மூன்றாவது போர்த்துக்கல். கோல், கோல், கோல் என்று சொல்லி, பிறகு முழங்காலைத் தொட்டு முகத்தைச் சுளித்தான். நாலாவது எங்கோ கிழக்கே ஒரு குளிர் நாடு. அங்கேயும் வாங்கு.

கடைசியாக ஒரு படம் காட்டினான். பெண்சாதியும் கைக்குழந்தையும். அவன் விமானம் ஏறின பிறகு பிறந்த பெண் குழந்தை. அவன் இன்னும் தூக்கவில்லை. ஆனி மாதத்துக்குள் ஆடிக் காட்டினால் கழகம் அவனை வைத்திருக்கும், அவர்களைக் கூப்பிடலாம். இல்லாவிட்டால் எந்த நாடோ, எந்த வாங்கோ. அதைக் கைகளாலேயே சொல்லி முடித்தான். நான் இவரிடம் வந்து சேர எத்தனை காலம் கொழும்பில் விசாக் காகிதத்துக்குக் காத்துக் கிடந்தேன் என்று எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் ஒரு துவாயை எடுத்து நீட்டினான்.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கதை. ஆட்டம் முடிந்து கூடை வரும். மற்ற எல்லோருடைய களிசானும் சேறும் புல்லுமாக வரும், அவனுடையது மடிப்புக் கலையாமல் வரும். நான் அதைத் தனியாக எடுத்துப் பார்ப்பேன். சேற்றை உரஞ்சி எடுப்பதுதான் என் தொழில், ஆனால் அந்தச் சுத்தக் களிசானைப் போல எனக்கு வெறுப்பேற்றியது வேறொன்றும் இல்லை.

ஒருநாள் பயிற்சியாளர் அந்தப் பக்கம் வந்தார். நெட்டையான, சிரிக்காத மனுசன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "ஐயா, இந்தப் பிள்ளையின் களிசான் எப்போதும் சுத்தமாக வருகிறது. எனக்கு வேலை இல்லாமல் போகிறது" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். ஷெஃப் தலையில் கை வைத்தார். நான் சொன்னதால்தான் எல்லாம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இவர் சிரிப்பார்.

பங்குனி மாதம், நல்ல மழை. அன்றைக்கு ஆட்டத்தைப் பார்க்க இவர் மேலே படியில் இருந்தார், நான் துவாய்களோடு ஆட்டக்காரர் வெளியே வருகிற வாசலில் நின்றேன். பாதி ஆட்டத்தில் எங்கள் முன்வரிசைக்காரன் ஒருவனுக்குக் கால் பிரண்டுவிட்டது. பயிற்சியாளர் வாங்குப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். என்னுடையவன் எழும்பினான். என்னுடையவன் என்றுதான் நினைத்தேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

போன உடனே பந்து அவனுடைய காலுக்கு வந்தது. முன்னால் கோல்காரன் மட்டும்தான். அடிக்கப் போனவன் வழுக்கி விழுந்தான், பந்து வானத்துக்குப் போயிற்று. சனம் முழுக்க "ஓ" என்றது. "அடக் கோதாரி!" என்று நான் கத்தினது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிராது. இனி மாற்றிவிடப் போகிறார்கள், திரும்பவும் வாங்குதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கோலுக்கு முன்னால் ஒரே சேற்றுக் குவியல். எங்கள் ஆட்களா அவர்களா என்று தெரியவில்லை, எல்லோரும் விழுந்து கிடந்தார்கள். அந்தக் குவியலுக்குள் இருந்து ஒரு கால் நீண்டது. விழுந்து கிடந்தபடியே பந்தைத் தள்ளினான். மெதுவாக, உருட்டிவிட்ட போளை மாதிரி, அது கோட்டைத் தாண்டியது.

நான் துவாய்கள் எல்லாவற்றையும் சேற்றில் போட்டுவிட்டேன். ஷெஃப் என்னைக் கட்டிப்பிடித்து ஆட்டினார். மேலே இவர் தன்னுடைய குடையை யாரோ ஒரு ஜெர்மன்காரனுடைய தலையில் அடித்து, பிறகு அந்த ஆளோடேயே சேர்ந்து ஆடினாராம்.

ஆட்டம் முடிந்து, குளிக்கக்கூட இல்லை, ஓடி வந்தான். துவாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சேறு சொட்டச் சொட்டக் களிசானை என் வெள்ளை மேசையில் "டப்" என்று போட்டான்.

"களிசான்!" என்றான், அச்சொட்டாக எங்கள் ஊர்ச் சொல்லாக.

அதை நான் மூன்று தண்ணீரில் அலசினேன். என் வாழ்க்கையில் ஒரு அழுக்கைப் பார்த்து அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் அவனுடைய களிசான் ஒருநாளும் சுத்தமாக வரவில்லை. கழகமும் கீழ்ப் பிரிவுக்கு விழாமல் தப்பியது, ஆனி மாதம் அவனை இரவலில் இருந்து சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

ஆடி மாதம் புதுப் பயிற்சி தொடங்கிய கிழமை, கதவு திறந்தது. அவன். அவனுக்குப் பின்னால், வரலாமோ கூடாதோ என்று தயங்கிக்கொண்டு, படத்தில் பார்த்த அந்தப் பெண். இடுப்பில் குழந்தை. நான் வாயைத் திறக்க முன்னமே அவன் என்னைக் கையால் மறித்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெண்சாதியிடம் சொன்னான்:

"வாங்கோ, வாங்கோ!"

அந்தப் பெண்ணின் முகம் அப்படியே விழுந்துபோயிற்று.

"பாங்கு?" என்றாள்.

நானும் ஷெஃபும் சிரிப்பை அடக்க ஏலாமல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவன் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை. கூடைக்குள் கையை விட்டு, அன்றைய பயிற்சிக் களிசானைத் தேடி எடுத்து, சேறு தெரிய அவளுக்கு முன்னால் விரித்துப் பிடித்தான். அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை அவனுடைய கையில் கொடுத்துவிட்டு, சுவரோரம் கிடந்த வாங்கில் ஆறுதலாக இருந்தாள்.