சூடான சில்லில் ஊற்றிய தண்ணீர்

எங்கள் காரின் பிறேக்கைக் கெடுத்தது நான் ஊற்றிய தண்ணீரா, இல்லையா? இத்தனை வருடங்களாகியும் எனக்கு விடை தெரியவில்லை.

அப்போது நாங்கள் இரணைமடுவுக்குக் கிட்ட இருந்தோம். மகளுக்கு ஒன்பது மாதம். போர்த் தடையால் வன்னிக்குள் பெற்றோல் வராத காலம். என் கணவர் ஒரு பழைய காரை மண்ணெண்ணெயில் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இறந்துபோன ஒரு பெரியவரைப் பின் இருக்கையில் கிடத்தி, கனகராயன்குளத்திலிருந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு மத்தியானம் திரும்பி வந்தார். வழியெல்லாம் குழி. குழிக்குக் குழி பிறேக் பிடித்து வந்த கார்.

பிரேதம் ஏற்றிய வாகனத்தைக் கழுவாமல் வளவுக்குள் விடுவதில்லை. அவரும் படலைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, "நான் குளிச்சிட்டு வந்து கழுவுறன், நீர் கிட்டப் போகாதையும்" என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனார். ஆனால் காரின் சத்தம் கேட்டதும் மகள் வாசலைத் தாண்டித் தவழத் தொடங்கிவிட்டாள். காரின் சில்லைப் பிடித்து எழுந்து நிற்பது அவளுக்குப் புதுப் பழக்கம். அந்தத் தீட்டு அவள் கையில் ஒட்டிவிடும் என்று பயந்தேன். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மஞ்சள் கரைத்து வைத்திருந்த இரண்டு வாளித் தண்ணீரையும் முன் சில்லுகளில் அப்படியே ஊற்றினேன். சுர்ரென்ற சத்தத்தோடு ஆவி எழுந்தது.

நான் உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்தவள். சூடான உலோகம் சடுதியாகக் குளிர்ந்தால் என்ன ஆகும் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்த ஆவியைக் கண்ட பிறகுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. குளித்துவிட்டு வந்தவர் நனைந்த காரைப் பார்த்து, "பரவாயில்லையே, வேலை முடிஞ்சுது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மகளின் தடுப்பூசிக்காக மூவரும் கிளிநொச்சிக்குப் புறப்பட்டோம். வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் மாடுகள் குறுக்கே வந்தன. அவர் பிறேக்கை மிதித்தார். கார் முழுவதும் குலுங்கியது. ஸ்ரெயரிங் அவர் கைக்குள் நின்று உதறியது, கதவுகள் படபடத்தன. மகளை நெஞ்சோடு அமர்த்திக்கொண்டு கண்ணை மூடினேன். திறந்தபோது, காரின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் ஒரு மாட்டின் முதுகு.

"கால் வைக்க பிறேக் திருப்பி உதைக்குது," என்றார் அவர். அவருடைய முகம் வெளிறிப் போயிருந்தது.

மகளுக்கு ஊசி போட்டுவிட்டு, நடை வேகத்தில் வாகனம் திருத்தும் கராச்சுக்குப் போனோம். அதை நடத்தியவர்தான் பத்து நாளுக்கு முன்னர் எங்கள் காருக்கு பிறேக் கட்டைகளை மாற்றிக் கொடுத்தவர். முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, சில்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. பிறகு, சில்லோடு சுழலும் இரும்பு ட்ரம்மின் உட்புறத்தில் கட்டைகள் லேசாக உரசும்வரை பின்னால் இருந்த திருகை இறுக்கிவிட்டு, சில்லைக் கையால் சுற்றினார். சர்ர் என்று உரசியது, விட்டது. மறுபடி அதே இடத்தில் உரசியது, விட்டது. மற்றச் சில்லும் அப்படியே.

"கேட்டியளே அண்ணை? வட்டமா இருந்தா ஒரே மாதிரி உரசோணும். இது ட்ரம் கோணிப்போச்சு. அதுதான் காலை உதைக்குது."

"புதுக்கட்டை போட்டு பத்து நாளில எப்பிடியடாப்பா கோணும்?"

"நட்டை ஒருபக்கமா இறுக்கினாலும் கோணும். இல்லாட்டிச் சூட்டோட தண்ணி பட்டிருக்கோணும். எங்கையும் தண்ணிக்குள்ள இறக்கினனீங்களோ?"

"மழை பெஞ்சு மூண்டு மாசம். எந்தத் தண்ணிக்குள்ள இறக்கிறது? கடைசியா நட்டு இறுக்கினது ஆர்? நீதானே! என்ர பிள்ளை உள்ளுக்க இருந்தது, தெரியுமோ?"

நான் வாளியால் ஊற்றிக் கழுவியது என் கணவரின் நினைவுக்கே வரவில்லை. கராச்காரர் குனிந்து நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நான் இரண்டடி தள்ளி மகளோடு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கார் விஷயத்தில் பெண்களிடம் கேட்கும் வழக்கமில்லை. "நான் ஊத்தினனான்" என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. சொன்னால், பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் நான்தான் என்று ஆகிவிடுமே என்று பயந்தேன். அதற்குள் கராச்காரர் தலையை நிமிர்த்தி, "ஒருவேளை என்ர பிழையாத்தான் இருக்கும் அண்ணை. ட்ரம்மை நானே கடைச்சலுக்குக் குடுத்துத் தாறன், காசு வேண்டாம்" என்றார்.

இரண்டு ட்ரம்களையும் உரப்பையில் போட்டுச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, மின்சாரம் இல்லாததால் எஞ்சினில் ஓடிய கடைச்சல் பட்டறைக்கு அவரே கொண்டுபோனார். உட்புறத்தை மெல்லிசாகச் சீவி வட்டமாக்கி, இரண்டாம் நாள் பூட்டினார். நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று சுற்று இறுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, பிள்ளையோட ஏறுங்கோ. நானும் முன்னுக்கு இருக்கிறன்" என்றார்.

வேகமாக ஓட்டிச் சடுதியாக பிறேக் பிடித்தார் என் கணவர். கார் சத்தமில்லாமல் நின்றது.

"இன்னும் ஆடுதுபோல கிடக்கு," என்றார்.

"ஆடுறது உங்கட கை, அண்ணை."

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். மகளை இறுக்கிப் பிடித்திருந்த என் விரல்களை என்னால் விரிக்க முடியவில்லை.

அண்மையில் வவுனியாவில் ஒரு கடை வாசலில் அந்தக் கராச்காரரைச் சந்தித்தோம். மகளைக் காட்டி, "அண்டைக்குக் காரில இருந்த பிள்ளையோ?" என்று கேட்டார். "அதுக்குப் பிறகு ஒரு சில்லுப் பூட்டினாலும் நாலுதரம் திரும்பிப் போய்ப் பாப்பன் அண்ணை. நித்திரையிலயும் நட்டுத்தான்." என் கணவர் அவர் தோளில் தட்டி, "அதை விடப்பா, பழைய கதை" என்றார். தண்ணீர் ஊற்றியதை நான் அன்றும் சொல்லவில்லை.

பிழை கராச்காரருடையதாகவும் இருக்கலாம். எனக்கு நிச்சயமில்லை. நிச்சயமில்லாத ஒன்றைச் சொல்லி அவர் மனதை இன்னும் குழப்புவேனோ என்றும் பயம், சொல்லாமல் விட்டு அவர் நித்திரையைக் கெடுத்துக்கொண்டே இருக்கிறேனோ என்றும் பயம். இதை வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன்: முதலில் என் கணவரிடம் சொல்லவா, நேரே அவரிடம் போகவா? போனால் எந்த வார்த்தையில் தொடங்குவது? இப்படி ஒன்றைப் பிந்திச் சொன்னவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.