ஸ்கேன் மேசைக்குப் போன என் உறை

மராத்தி பேசும் பாணேரில் ஒரு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் பதினோரு வருடமாக நான் பியூன். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கேட்டு வருகிற கிளைம் உறைகளை ஸ்கேன் மேசைக்குக் கொண்டுபோவேன். ஸ்கேன் ஆன கட்டுகளை ரெக்கார்டு அறையில் ஏணி வைத்து மேல்தட்டில் அடுக்குவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலத்தில் என் பெயர் மட்டும் தெரியும்.

எனக்கு வலிப்பு உண்டு. அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஏணி ஏற விடமாட்டார்கள். ஏணி ஏறாதவனுக்கு அங்கே வேறு வேலையும் இல்லை.

போன மழைக்காலத்தில் நிக்டி பஸ் ஸ்டாப்பில் வலிப்பு வந்து விழுந்தேன். மூன்று நாள் ஆஸ்பத்திரி. அலுவலகத்தில், மழையில் வழுக்கிவிட்டது என்றேன். ஊழியர்களுக்கும் அங்கேயே காப்பீடு உண்டு; செலவான பணத்தைக் கேட்க ஆஸ்பத்திரிக் காகிதங்களை மனைவி உறையில் போட்டுக் கொடுத்தாள். கட்டோடு கட்டாக யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நம்பி, எல்லா உறைகளோடும் அதையும் கலந்து வைத்தேன்.

மறுநாள் டீ குடிக்கும்போது ஆபீஸ் டிரைவர் தன் மூல ஆபரேஷன் கதையைச் சொன்னார். ஊழியர்களின் உறையை ஒட்டி மூன்றாம் மாடி அதிகாரியிடம் மட்டும்தான் கொடுக்கவேண்டுமாம். "கீழே ஸ்கேன் ஆச்சுன்னா எல்லா கம்ப்யூட்டர்லயும் வரும் அண்ணா. என் மூலத்தை ஊரே பார்க்கணுமா?" என்று சிரித்தார். அந்த விதி ஆங்கிலத்தில் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் இருந்தது. கோந்து தடவி ஒட்டியவனே நான்தான்.

டீயை வைத்துவிட்டு ஓடினேன். ஸ்கேன் மேசைப் பெண்ணின் கையில் என் காகிதங்கள். பெயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"காகா, இது இங்கே வரக்கூடாதே," என்றாள் மராத்தியில். சித்தப்பாவை அங்கே காகா என்பார்கள். காகிதங்களை உறையில் போட்டு ஒட்டி நீட்டினாள். "நான் எதுவும் படிக்கலை. நீங்களே மேலே கொடுத்துடுங்க."

கொடுத்துவிட்டு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மதியம் கட்டுகளோடு ரெக்கார்டு அறைக்குப் போனேன். அவள் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் நின்றாள். ஒரு நாளும் அங்கே வராதவள்.

"கீழேயிருந்து எடுத்துக் கொடுங்க காகா."

அதன்பின் தினமும் அவள்தான் ஏறுகிறாள். இருவரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை. ஏன் நீ ஏறுகிறாய் என்று அவளை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று, ஏணியைப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.